மருந்துன்னா எந்த மருந்து?

சிவகாசி பக்கம் 'மருந்து'ன்னு சொன்னா முதல்ல ஞாபகத்துக்கு வர்றது ஆஸ்பத்திரி இல்லை, பட்டாசு ஆபீஸ். (ஃபேக்டரியை எங்க ஆளுங்க ஆபீஸ்னுதான் சொல்வாங்க. 'ஆபீஸ்ல வேலை பாக்குறேன்'னு சொன்னா, தீப்பெட்டி ஆபீஸா பட்டாசு ஆபீஸான்னு கேட்ட பாட்டிகள் உண்டு :-)) வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்தா அதுவும் மருந்து. பெரியம்மா காலையில போட வேண்டிய பிரஷர் மாத்திரையும் மருந்து. இந்த ரெண்டுக்கும் பேர்ப் பொருத்தம் மட்டும் இல்லைங்க, ரத்த உறவே இருக்கு.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன்.

1847-ல இத்தாலியில அஸ்கானியோ சொப்ரேரோன்னு ஒரு வேதியியல்காரர் நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடிச்சார். கொஞ்சமா நாக்குல வச்சுப் பார்த்திருக்கார், தலைவலி பின்னி எடுத்துடுச்சு. அதையே அடக்கி 1867-ல டைனமைட்டா காப்புரிமை வாங்கினவர் ஆல்ஃபிரட் நோபல். அந்தத் தொழிற்சாலைகள்ல ஒரு விநோதம் நடந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்தா மண்டை பிளக்கும். வாரக் கடைசிக்குள்ள உடம்பு பழகி வலி போயிடும். ஞாயித்துக்கிழமை லீவு, மறுநாள் திரும்ப ஆரம்பம். நைட்ரோகிளிசரின் தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உள்ள போய் ரத்தக் குழாயை விரிய வைக்குது, அதான் காரணம். (நம்ம ஊர்ப் பட்டாசுல நைட்ரோகிளிசரின் கிடையாது. தமிழ்நாட்டுல அது வேணும்னா நீலகிரிக்குப் போகணும். 1903-ல தொடங்கின அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை பேர்லயே இருக்கே, கார்டைட், அதுல முக்கியச் சரக்கு நைட்ரோகிளிசரின்தான்.)

1867-லயே லாடர் பிரண்டன்ங்கிற டாக்டர் நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட்டை முகரக் கொடுத்துப் பார்த்தார். 1879-ல வில்லியம் முர்ரெல் நைட்ரோகிளிசரினை முதல்ல தன் மேலயே சோதிச்சுட்டு அப்புறம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். கடைசிக் காலத்துல நோபலுக்கே நெஞ்சுவலி. டாக்டருங்க எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின்! பேரைக் கேட்டு ஜனங்க மிரளக்கூடாதுன்னு 'ட்ரைநைட்ரின்'னு மாத்தி வச்சிருக்காங்கன்னு 1896-ல நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம் டிசம்பர் 10-ம் தேதி மூளையில ரத்தம் கசிஞ்சு இறந்துட்டார். கையில துணிப்பட்டை கட்டி பிரஷர் பாக்குற கருவியை ரிவா-ரோச்சி வெளியிட்டதும் அதே 1896 தான்.

அதுக்கு முன்னாடி எப்படி அளந்தாங்கன்னு கேட்டா, பாவம் ஒரு குதிரை. ஸ்டீஃபன் ஹேல்ஸ்னு ஒரு பாதிரியார், ஒரு பெண் குதிரையைக் கட்டிப் போட்டு, காலோட ரத்தக் குழாயில கண்ணாடிக் குழாயைச் செருகினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறிச்சு. 1733-ல புத்தகமா வந்துச்சு. பாதரசக் கணக்குல மாத்தினா கிட்டத்தட்ட 196 மி.மீ. கட்டிப்போட்டு அறுத்தா பிரஷர் ஏறாம என்ன செய்யும்? நம்ம 120-ஐ இதே மாதிரி மாத்திப் பாருங்க, சுமார் 5 அடி உயரத்துக்கு ரத்தம். ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் அந்த அழுத்தத்துல தள்ளுது.

சரி, அழுத்தம் எதனால ஏறுது? இதயம் எவ்வளவு தள்ளுது, உடம்புல ரத்தம் எவ்வளவு இருக்கு (உப்பு அதிகமானா தண்ணியும் தேங்கும், அளவு கூடும்), பெரிய குழாய்கள் எவ்வளவு விறைச்சிருக்கு, சின்னக் குழாய்கள் எவ்வளவு சுருங்கியிருக்கு. கடைசியா சொன்னதுதான் கில்லாடி. பிரெஞ்சுக்காரர் புவாசே கண்டுபிடிச்ச விதிப்படி, குழாயோட ஆரம் 10 சதவீதம் குறைஞ்சா ஓட்டம் 10 சதவீதம் குறையாது. 0.9-ஐ நாலு தடவை பெருக்குங்க, 0.6561. மூணுல ஒரு பங்கு காலி! பழைய ஓட்டம் வேணும்னா ஒண்ணரை மடங்கு அழுத்தம் கொடுத்தாகணும். எங்க பெரியம்மா 'தலை சுத்தல, கோவமும் வரல, எனக்கு எதுக்கு மாத்திரை'ம்பாங்க. குழாய் சுருங்குனா வலிக்காது பெரியம்மான்னு இந்தக் கணக்கைச் சொன்னேன். 'கணக்கை நீயே வச்சுக்க'ன்னுட்டாங்க.

குழாய் விரியச் சொல்லி உத்தரவு போடறது யாரு? 1980-ல ராபர்ட் ஃபர்ச்காட் முயல் ரத்தக் குழாய்த் துண்டுல பார்த்தார். உள்பக்கம் இருக்கிற மெல்லிய தோல் பத்திரமா இருந்தாத்தான், அசிட்டைல்கோலினைப் போட்டா குழாய் தளருது. சுரண்டிட்டா தளரவே இல்லை. அந்தத் தோல் அனுப்புற தூது, நைட்ரிக் ஆக்சைடு வாயு. நைட்ரோகிளிசரினும் உடம்புல அதையேதான் வெளியிடுதுன்னு 1977-லயே ஃபெரிட் முராட் காட்டியிருந்தார். ஃபர்ச்காட், முராட், இக்னாரோ மூணு பேருக்கும் 1998-ல பரிசு. என்ன பரிசு? நோபல் பரிசுதான்! நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட்டும் இதே வம்சம். அது நெஞ்சுவலிக்கு, தினசரி பிரஷர் மாத்திரைக்கு மாற்று இல்லை. அதோட வயாக்ராவைச் சேர்த்தா பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம்.

இப்ப எதிர்ப்பக்கம். பச்சை நிறத்துக்கும் கம்பி மத்தாப்புக்கும் நம்ம ஊர்ல போட்டுட்டு இருந்தது பேரியம் நைட்ரேட். கரையுற பேரியம் வயித்துக்குள்ள போனா, செல்லுல இருந்து பொட்டாசியம் வெளிய வர்ற கதவை அடைச்சுடும். ரத்தத்துல பொட்டாசியம் சரியும், தசை செத்த மாதிரி ஆகும், குழாய்கள் இறுகி பிரஷர் எகிறும். 1940-கள்ல சீனாவோட சிச்சுவான் பகுதியில சாப்பாட்டு உப்புல பேரியம் கலந்து ஆளுங்க கை கால் விழுந்து கிடந்தாங்க. (எக்ஸ்ரேக்குக் குடிக்கிற பேரியம் சல்ஃபேட் கரையாது, பயப்பட வேண்டாம்.) முழுங்குறது வேற, வருஷக்கணக்கா தூசியில நிக்கிறது வேற. அதனால 'பட்டாசு ஆபீஸ்ல எல்லாருக்கும் பிரஷர் இதனாலதான்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை பண்ணிச்சு. காத்து கெடுதுங்கிற வழக்குல வந்த தீர்ப்பு அது. அதுக்கப்புறம் சிவகாசியில ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு. டெல்லிக்காரங்க நுரையீரலைப் பத்தி நிறையப் பேசினாங்க, பேச வேண்டியதுதான். ஆனா அந்த மருந்தைத் தினம் கையால அள்ளிக் குழாய்ல செலுத்தின பொம்பளைங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, கையில பட்டையைக் கட்டி 'உங்களுக்கு எவ்வளவு இருக்கு'ன்னு அந்தச் சத்தத்துல எத்தனை பேர் கேட்டாங்க?