வில்லங்கம் இல்லாத வில்லங்கம்

பட்டணத்திலிருந்து ஊர்ப்பக்கம் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் கிணத்தை எட்டிப் பார்க்கிறார்கள், அப்புறம் மாமரத்தை. பிடித்துப்போச்சு என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். எங்க அப்பாவும் 1982-ல் அப்படித்தான் 12 சென்ட் புஞ்சையும் அதில் ஒரு ஓட்டு வீடும் வாங்கினார்.

அதற்கு முன்னால் கிராமத்தில் சொத்து வாங்குகிறவர் கர்ணத்திடம் போய் நிற்பார். எது யாருக்குப் பாத்தியம், எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தார்கள். நல்லதுதான், ஒரே குடும்பத்தின் கையில் ஊர்க்கணக்கு இருந்ததால் நடந்த அநியாயம் கொஞ்சமில்லை. ஆனா அந்தத் தலைக்குள் இருந்த கணக்கும் கூடவே போய்விட்டது.

அதே சமயத்தில்தான், 1979-லிருந்து 1987 வரை, யு.டி.ஆர். நடந்தது. நிலக்கணக்கைப் புதுப்பிக்கிற திட்டம். ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர்ஸ் வந்தது அப்போதுதான். எங்க பட்டாவில் அப்பா பேர் ஏறவில்லை. விற்றவரும் அவர் தம்பியும் கூட்டாக ஏறியிருந்தார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தீர்வை ரசீது கையில் இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டார்.

2013-ல் மகள் படிப்புக்கு வீட்டை வைத்து லோன் கேட்டேன். வங்கி வக்கீல் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "தம்பி கையெழுத்தே இல்லையே, அண்ணே" என்றார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது!

சான்று பொய் சொல்லவில்லை. 1908-ம் வருடச் சட்டப்படி பதிவு அலுவலகம், தன்னிடம் பதிவான பத்திரத்தைத்தான் காட்டும். விற்கிறவருக்கு முழு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலையில்லை. வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்ட பாகம், செத்தவரின் வாரிசு, வெறும் பேப்பரில் எழுதின கைக்கடன் எதுவும் அதில் வராது. அதனால் தாய்ப் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமாகப் பாருங்கள். வாரிசுச் சான்று கேளுங்கள். புலப்படத்தோடு சர்வேயரைக் கூட்டிவந்து மூலைக்கல்லைத் தேடுங்கள். ஐப்பசி மழையில் ஒருதரம் வந்து தண்ணி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பக்கத்து வீட்டுக் கிழவியிடம் பேச்சுக் கொடுங்கள்.

தம்பியின் மூணு பையன்களைத் தேடி ஏழு மாதம் அலைந்தேன். ரெண்டு பேர் பணம் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். திருப்பூரில் இருந்த மூணாமவன், "உங்கப்பா எங்களுக்கு நுங்கு வெட்டித் தருவார், மாமா" என்று சொல்லி, பஸ் காசுகூட வாங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.