முக்கால் ஜல்லியும் ஒன்றரை ஜல்லியும்



போன வருடம் ஆம்பூரில் தாத்தா கட்டிய வீட்டை இடித்தோம். மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதற்கு மேல் சுண்ணாம்பில் குழைத்த செங்கல் ஜல்லியை மூன்று அங்குலக் கனத்துக்குப் போட்டிருந்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டிய தளம். உடைந்த துண்டை எடுத்து ஸ்கேலால் அளந்தேன் (வாத்தியார் புத்தி போகுமா?). ஜல்லி முக்கால் அங்குலம். கனத்தில் சரியாகக் கால் பங்கு!

இன்றைய ஐ.எஸ். 456 விதியும் அதுதான்: கான்கிரீட்டின் மிகக் குறைந்த கனத்தில் கால் பங்குக்கு மேல் ஜல்லி கூடாது. கம்பி நெருக்கமான இடத்தில், கம்பி இடைவெளியைவிட 5 மி.மீ. சிறியதாக இருக்க வேண்டும். பெரும்பாலான வேலைக்கு 20 மி.மீ., அதாவது முக்கால் ஜல்லி, போதும்.

"பெரிய கல்லு போட்டாத்தான் சார் பலம்" என்பார்கள். பாதி உண்மை. கல் பெரிதானால் மொத்தப் பரப்பு குறையும், கலவைக்குத் தண்ணீரும் குறைவாகப் போதும். சிமென்ட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதே பலத்தைத் தீர்மானிக்கிறது என்று 1918-ல் சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் சொன்னார். அணைகளில் 150 மி.மீ. கல்கூடப் போடுகிறார்கள். ஆனால் சிமென்ட் அதிகமுள்ள கலவையில் பெரிய கல் பலத்தைக் குறைக்கிறது என்று 1960-ல் அமெரிக்காவில் வாக்கரும் ப்ளூமும் காட்டினார்கள். பெரிய கல்லின் அடியில் தண்ணீர் தேங்கும். அது காய்ந்தால் அங்கே சாந்துக்குப் பிடிப்பு இருக்காது. விரிசல் அங்கேதான் தொடங்கும்.

இதெல்லாம் நான் தாமதமாகப் படித்தது. 1994-ல் நான் வீடு கட்டியபோது பீமுக்கு ஒன்றரை ஜல்லி போட்டுவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பலகை பிரித்தால், கல் கம்பிக்குள் இறங்காமல் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை. சாந்து பூசி மறைத்தார்கள், நானும் விட்டுவிட்டேன். கலவைக்கோ எங்கள் கிணற்றுத் தண்ணீர். பாலாற்றங்கரையில் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உப்பும் ஓட்டையும் சேர்ந்து கம்பி துருப்பிடித்து, பதினைந்தாம் வருடம் அம்மாவின் கட்டில் மேல் காரை விழுந்தது. அம்மா அப்போது சமையலறையில் இருந்தார்.

வரும் வெள்ளிக்கிழமை, தாத்தா வீடு இருந்த இடத்தில் மகன் வீட்டுக்குத் தளம் போடுகிறோம். நல்ல தண்ணீர் டேங்கருக்குச் சொல்லியாகிவிட்டது. ஜல்லி லாரி வரும்போதே நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். மேஸ்திரிக்குப் பிடிக்காதுதான்.