ருஷ்யக் கிராமப் புனைகதையில் வீட்டுப் பொருள்கள்

1950-களின் பிற்பகுதி முதல் 1980-கள் வரை சோவியத் நாட்டில் செழித்த இலக்கியப் போக்கு 'கிராம உரைநடை'. கூட்டுப்பண்ணைகளும் அணைகளும் நகரப் பெயர்ச்சியும் கலைத்துப்போட்ட சிற்றூர்களை எழுதியவர்கள் வாழ்வின் சாட்சிகளாக நம்பியது வீட்டுச் சாமான்களை. இருந்த இடத்தைவிட்டு அகற்றப்படும்போதுதான் அவை பெரிதும் பொருள் கொள்கின்றன.

இஸ்பா எனப்படும் மரக்கட்டை வீட்டுக்கு அடுப்பே நடுநாயகம். சமையல், ரொட்டி சுடுதல், குளிர்காய்தல் எல்லாம் அதில்தான். முதியவர்கள் அதன் மேல் படுத்து உறங்குவார்கள். வீட்டைக் காக்கும் தமவோய் என்னும் ஆவி அங்கே குடியிருப்பதாக நம்பிக்கை. அடுப்புக்குக் குறுக்கெதிரே, திருவுருவப் படங்கள் வைத்த 'சிவந்த மூலை'. பழைய ருஷ்ய மொழியில் சிவப்பைக் குறிக்கும் சொல்லுக்கு அழகு என்றும் பொருள்.

இப்போக்கின் தொடக்கமாகக் கருதப்படுவது சோல்ஜெனித்சின் எழுதி 1963-இல் 'நோவி மீர்' இதழில் வெளியான 'மத்ரியோனாவின் வீடு'. ஏழை மத்ரியோனாவின் சொத்து தொட்டிச் செடிகள், நொண்டிப் பூனை, கரப்பான்கள் ஓடும் பழைய வீடு. வளர்ப்பு மகளுக்கென ஒதுக்கிய அறையை மத்ரியோனா உயிரோடிருக்கும்போதே உறவினர்கள் பிரித்தெடுக்கிறார்கள். அந்த மரங்களை ஏற்றிய சறுக்குவண்டி தண்டவாளத்தில் சிக்க, உதவப் போனவள் ரயிலில் அடிபட்டு இறக்கிறாள். வீடும் உடலும் ஒன்றாகவே பிளக்கப்படுகின்றன.

அப்ராமவின் 'மரக்குதிரைகள்' கதையில் கூரை உச்சியின் செதுக்குக் குதிரைகளும் பரணில் கிடக்கும் பழைய கருவிகளும் பெண்களின் ஓயாத உழைப்பை நினைவூட்டுகின்றன. அவை அருங்காட்சியகப் பொருளாகிவிடுமோ என்ற கவலை கதை முழுதும் இழையோடுகிறது.

இவ்வகையில் உச்சம் என்று சொல்லத்தக்கது ரஸ்பூத்தினின் 'மத்தியோராவுக்கு விடைகொடுத்தல்' (1976). ரஸ்பூத்தின் வளர்ந்த அத்தலான்கா கிராமம் பிராத்ஸ்க் அணை நீரில் மூழ்கியது. நாவலில் மத்தியோரா என்னும் அங்காரா ஆற்றுத் தீவு அதே விதிக்குக் காத்திருக்கிறது. தீவில் வாழும் கிழவி தாரியாவின் சமோவார் என்னும் தேநீர்க் கொதிகலனைச் சுற்றித் தேநீர் அருந்தும் கிழவிகளின் பேச்சில்தான் ஊர் இன்னும் உயிரோடிருக்கிறது. தீவு மூழ்குமுன் வீட்டைக் கொளுத்த ஆட்கள் வருவதற்கு முன், தாரியா சுவருக்கும் அடுப்புக்கும் வெள்ளையடிக்கிறாள், தரையைத் தேய்த்துக் கழுவுகிறாள், மூலைகளில் ஊசியிலைக் கிளைகளைச் செருகுகிறாள். இறந்தவரைக் குளிப்பாட்டாமல் சவப்பெட்டியில் வைப்பார்களா என்பது அவள் நியாயம். இரவெல்லாம் அங்கே தனியாகப் பிரார்த்தித்து, காலையில் வந்தவர்களிடம் கொளுத்திக்கொள்ளலாம், ஆனால் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நடக்கிறாள்.