அசன்பே சரித்திரமும் நம் இல்லங்களின் வாசிப்பும்

தமிழின் தொடக்ககால நாவல்கள் எவை என்று நம் வீட்டுக் கல்லூரி மாணவரைக் கேட்டால், தயங்காமல் விடை சொல்வார். 1879-இல் வெளிவந்தது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1885-இல் வெளிவந்தது சித்தி லெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’. இரண்டாவது நூலை எழுதியவர் ஒரு முஸ்லிம் என்பதையும் பெருமையோடு சேர்த்துக் கூறுவார். அந்நூலை வாசித்ததுண்டா என்று கேட்டால்தான் மௌனம் நிலவுகிறது. மதிப்பெண்ணுக்குப் பெயரும் ஆண்டும் போதுமானவையாக இருக்கின்றன.

முகம்மது காசிம் சித்தி லெப்பை 1838-இல் கண்டியில் பிறந்தவர், வழக்கறிஞர். அக்காலத்தில் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷனரிகளின் பள்ளிகளிலேயே கிடைத்தது. பிள்ளைகளின் ஈமானுக்கு ஊறு நேருமோ என்று அஞ்சிய முஸ்லிம் பெற்றோர் பலர் அவற்றிலிருந்து விலகி நின்றனர். அந்த அச்சத்தை அவர் எள்ளி நகையாடவில்லை. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் அமைய வேண்டும் என்று வாதிட்டார். 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883-இல் இலங்கை வந்து சேர்ந்த உராபி பாஷாவின் நட்பும் அவருடைய கல்விப் பணிக்கு வலுவூட்டியது. 1892-இல் கொழும்பு மருதானையில் தோன்றிய மத்ரஸா, பின்னாளில் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

இத்தனை அலுவல்களுக்கு இடையில்தான் அவர் ஒரு நாவலையும் எழுதினார். எகிப்தின் உயர்குடியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரைப் பிரிந்து, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவில் கற்று, முடிவில் தாயகம் திரும்பும் ஓர் இளைஞனின் கதை அது. பள்ளிக்கூடம் வேண்டும் என்று இதழில் எழுதியவர், கற்றறிந்த முஸ்லிம் இளைஞன் எப்படியிருப்பான் என்பதைக் கதையில் காட்டினார். கல்வியும் கதையும் அவருக்கு இருவேறு பணிகளாகத் தோன்றவில்லை.

நம் சமுதாயத்துக்குக் கதை புதியதும் அன்று. நாவல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்னும் இலக்கிய வகைகளை நம் புலவர்கள் தமிழுக்கு அளித்தனர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் ஓத, மற்றவர் கூடியிருந்து கேட்ட மரபு நம் ஊர்களில் இருந்தது. எழுத்தறியாத மூதாட்டியும் அந்தச் சபையில் ஒரு வாசகரே. யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆனே மிக அழகிய வரலாறு என்று குறிப்பிடுவதையும் நாம் அறிவோம்.

அந்த மரபு அச்சு நாவலிலும் தொடர்ந்தது. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே. 1938-இல் வெளிவந்த அவருடைய ‘காதலா கடமையா’ நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். பள்ளி கைவிட்ட இடத்திலிருந்து அவரை உயர்த்தியது வீட்டிலிருந்தபடி அவர் செய்த வாசிப்பேயன்றி வேறென்ன?

ஆகவே, “நாவல் வாசிப்பது வீண்பொழுது, பாடத்தைப் படி” என்று பிள்ளைகளிடம் சொல்லுமுன் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். எல்லா நாவலும் நல்லதன்று. தேர்ந்தெடுப்பது பெற்றோர் கடமை. ஆனால் தேர்வுக்காக மட்டும் வாசிக்கும் பிள்ளை, தேர்வு முடிந்த அன்றே நூலை மூடிவிடும். விரும்பி வாசிக்கும் பிள்ளை, பிறர் துயரத்தைத் தன் துயரமாக உணரப் பழகும். அதற்கு மொழியும் தானே வசப்படும். இப்பயனை வினாத்தாள் அளந்து காட்டுவதில்லை.

விடுமுறை நாள்களில், இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் போதும். பிள்ளைகளுள் ஒருவர் ‘அசன்பே சரித்திரத்தை’ உரக்க வாசிக்கட்டும்; மற்றவர் கேட்கட்டும். பழைய நடை தொடக்கத்தில் சற்றுத் தடுக்கும்; பொருள் விளங்காத சொல்லை வாப்பாவிடமோ உம்மும்மாவிடமோ கேட்கட்டும். வாசித்து முடித்ததும் அவர்களிடம் கேள்வி எதுவும் கேட்காதிருப்போம். மறுநாள் அடுத்த அத்தியாயத்தை அவர்களே கேட்டு வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.