தட்டின் மறுபக்கம்

மட்டக்களப்பு வாவியில் முழுநிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் ஆழ்த்தி, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்டால் மீன்களின் பாட்டுக் கேட்கும் என்பர் நம் முன்னோர். மெல்லிய குரலைக் கேட்க விரும்புவோன் தன் காதை அதனருகே கொண்டுசெல்ல வேண்டும். இசையின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். விளம்பரம் கொண்டுவந்து சேர்க்கும் பாட்டே உலகின் பாட்டு என்றிருப்போர்க்கு அவ்வரலாற்றின் பாதி செவிப்படுவதேயில்லை.

உயர்தர வகுப்பு மாணவனொருவன் எனக்குப் ‘பிளாக் மெற்றல்’ இசையைக் கேட்கத் தந்தான். “இது இசையா, இரைச்சலா?” என்றேன். “சேர், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லாதீங்க” என்றான். அவன் சொன்னது வெறும் உவமையன்று. ஒரே இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஒரு குழுவும் மறுபக்கத்தில் இன்னொரு குழுவும் பாடும் கூட்டு வெளியீட்டையே அவன் குறித்தான்.

1982இல் இங்கிலாந்தின் வெனம் குழு வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே இவ்விசைக்கும் பெயராயிற்று. இதனுள், ஒலிப்பதிவு நிலையத்தின் மெருகை வேண்டுமென்றே ஒதுக்கி, மலிவான கருவியில் கரகரப்போடு பதிவுசெய்யும் பிரிவே ‘றோ பிளாக் மெற்றல்’. கைப்பொருளற்ற இளைஞர் கசற்றுகளை அஞ்சலில் மாற்றிக்கொண்டே இதனை வளர்த்தனர். இத்தகையோர்க்குக் கூட்டு வெளியீடு செலவைப் பாதியாக்கியது, கேட்போரை இரட்டிப்பாக்கியது. அறிந்த குழுவுக்காக வாங்கியவன், தட்டைத் திருப்பியதும் அறியாத குழுவைக் கண்டான். சுவீடனின் பதொரி குழு, 1984இல் பலர் சேர்ந்த தொகுப்பொன்றில் இரண்டே பாடல்களுடன் அறிமுகமாயிற்று. கேட்டோரின் வரவேற்பால் அவ்வாண்டிலேயே தனி இசைத்தட்டு வெளியிட்டது. பிரான்சின் விளாட் தெப்பெஸ், பெல்கெத்ர் குழுக்களைப் பலர் அறிந்ததும் 1995இல் அவை சேர்ந்து வெளியிட்ட தட்டினாலேயே.

பிரேசிலின் கதை இன்னும் பொருள்நிறைந்தது. 21 ஆண்டுக்கால இராணுவ ஆட்சி முடிவுற்ற அதே 1985இல், பெலோ ஒரிசோன்டே நகரில், இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய கொகுமேலோ, ஓவர்டோஸ், செபுல்டூரா என்னும் இரு குழுக்களையும் ஒரே தட்டில் வெளியிட்டது. மறு ஆண்டில் நான்கு குழுக்களின் தொகுப்பையும் வெளியிட்டது; அதில் பாடிய சார்கொபாகோவின் இசை பின்னர் நோர்வே இளைஞராலும் போற்றப்பட்டது. செபுல்டூரா உலகப் புகழ் பெற்றது. பின்வந்த மறுபதிப்புகளில் அதன் பாடல்கள் நிலைத்தன. ஓவர்டோஸின் பக்கம் விடுபட்டது. வென்றவனின் பக்கத்தையே மறுபதிப்புச் செய்வது வணிகத்தின் இயல்பு. விடுபட்டவனைத் தேடிச் செல்வதோ வரலாற்று மாணவனின் கடமை.

தமிழர்க்கு இது புதிதன்று. செம்புலப்பெயனீரார் பாடியதாக நமக்குக் கிடைப்பது ஒரே பாட்டு. அவரது இயற்பெயரையும் நாம் அறியோம். குறுந்தொகை என்னும் கூட்டுத் தொகுப்பு இல்லையேல் அப்பாட்டும் நமக்குக் கிட்டியிராது. நம் இலங்கையிலும், 2010களின் தொடக்கத்தில், பியூனரல் இன் ஹெவன், பிளெக்டோ அலிகெம் கபிடே என்னும் இரு குழுக்கள் கூட்டு வெளியீடொன்றை வெளியிட்டன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பகிர்வின் வாயில் வழியே நஞ்சும் நுழையும். 1992இல் நோர்வேயின் பான்றொவ்ற் மரத்தேவாலயம் தீக்கிரையாயிற்று. அத்தீவைப்புகளில் இவ்விசையுலகைச் சேர்ந்தோர்க்கும் பங்கிருந்தது. 1994இல் டார்க்துரோன் குழுவின் இசைத்தட்டு உறையில் ‘ஆரிய’ என்னும் சொல் பெருமையோடு பொறிக்கப்பட்டது. கண்டனத்தின் பின் அது நீக்கப்பட்டது. பாசிசத்தைத் தம் கொள்கையாகவே பாடும் குழுக்களும் உள. இனவெறியின் விலையைத் தன் ஊரிலேயே கண்ட நம் மாணவன், அறியாத குழுவைக் கண்டெடுக்கும் மகிழ்ச்சியில் அதன் கொள்கையைக் கேளாது விடலாமா? அறியப்படாமை ஒன்றே ஒருவனை நல்லவனாக்கிவிடாது.

ஆதலின், ‘பேயிசை’ என்று தடுப்பதும் தவறு. ‘கலை’ என்று கண்மூடி வணங்குவதும் தவறு. ஆசிரியர்களே, மாணவனோடு அமர்ந்து கேளுங்கள். பாடுவோர் யாவர், எதைப் பாடுகின்றனர், யாரைப் பகைக்கின்றனர் என்று அவனோடு சேர்ந்து ஆராயுங்கள். நான் அவ்வாறே செய்தேன். அவ்விசை இன்றும் என் காதுக்கு இனிமையாயில்லை. ஆனால் ஓவர்டோஸின் பெயரை எனக்குச் சொல்லித் தந்தவன் என் மாணவன். உறைகளின் பின்புறத்தையும் வாசிக்க வேண்டுமென்று இன்று அவனுக்குத் தெரியும்.