மூன்று மாத ஈயம்



பத்துமலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அக்கோயில் தோன்றக் காரணமாக இருந்த கே. தம்புசாமிப் பிள்ளையின் பெயரைத் தவறாமல் சொல்லிக் கொடுக்கிறோம். 1892-இல் அங்கே தைப்பூசம் தொடங்கியதையும் சொல்கிறோம். ஆனால், அவர் ஈயச் சுரங்கத் தொழிலிலும் ஈடுபட்டிருந்தார் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். லோக் யூவுடன் கூட்டாக அவர் ரவாங்கில் நடத்திய சுரங்கத்தில்தான், 1890-களில், நம் நாட்டில் முதன்முதலாக மின்சாரம் பயன்பாட்டுக்கு வந்தது. நம் மூத்தோர் ‘ஈயலம்பம்’ என்று அழைத்த அச்சுரங்கங்களின் ஈயம் எங்கே சென்றது, அதன் விலையை யார் முடிவு செய்தார்கள் என்று தேடப் போய், நான் எதிர்பாராத ஓர் இடத்தில் வந்து நின்றேன். இன்று ‘டெரிவேட்டிவ்ஸ்’ என்று வழங்கும் சார்பு ஒப்பந்தங்களின் வரலாறுதான் அது.

அண்மையில் பெற்றோர் ஒருவர், “செம்பனை எண்ணெய் முன்பேரத்தில் பணம் போடலாமா, ஐயா?” என்று கேட்டார். ஆகவே, தேடியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லண்டன் உலோகச் சந்தை 1877-இல் நிறுவப்பட்டது. மலாயாவின் ஈயமும் (தமிழ்நாட்டில் வெள்ளீயம் என்பர், நமக்கு ஈயம்) சிலி நாட்டின் செம்பும் கப்பலேறி அங்கே போய்ச் சேர வேண்டியிருந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர், சிலியின் செம்பைப் போலவே நம் ஈயமும் ஏறத்தாழ மூன்று மாதத்தில் லண்டனை அடைந்தது. அந்த மூன்று மாதத்திற்குள் விலை சரிந்துவிட்டால் வணிகரின் நிலை என்ன? கப்பல் கடலில் இருக்கும்போதே, “வந்து சேரும் நாளில் இன்ன விலைக்குத் தருகிறேன்” என்று இன்றே பேசி முடித்துக்கொண்டார்கள். கப்பல்கள் விரைவானபின்பும் வழக்கம் மாறவில்லை. அச்சந்தையின் முதன்மையான ஒப்பந்தம் இன்றைக்கும் மூன்று மாத ஒப்பந்தமே. அந்தக் காலக்கணக்கில் நம் ஈயத்துக்கும் பங்குண்டு என்பதைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சிறிது பெருமிதமாகவே இருந்தது.

இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை. விற்பவருக்கு விலைச் சரிவிலிருந்து காப்பு. வாங்குபவருக்கு விலையேற்றத்திலிருந்து காப்பு. ஆனால், அந்த ஒப்பந்தத்தையே கைமாற்றலாம் என்று வந்தவுடன், ஈயத்தைக் கண்ணாலும் பார்க்காதவர் உள்ளே வருகிறார். தம்மிடம் இல்லாத சரக்கை இன்று விற்று, தவணை நாளுக்குமுன் மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அவரை வெறும் சூதாடி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இடரை ஏற்க அவரைப் போன்றோர் இல்லையென்றால், சுரங்கக்காரர் தம் இடரை யாரிடம் கொடுப்பார்?

1981-இல் லண்டனில் யாரோ ஒருவர் ஈயத்தை வாங்கிக் குவிக்கத் தொடங்கினார். கையிருப்புச் சரக்கையும் வாங்கினார். முன்பேர ஒப்பந்தங்களையும் வாங்கினார். விலை மளமளவென்று ஏறியது. சரக்கில்லாமல் விற்றிருந்தவர்கள் தவணை நாளில் அந்த மர்ம மனிதரிடமே வந்து, அவர் சொன்ன விலைக்கு வாங்கியாக வேண்டிய நெருக்கடி. அவருக்குப் பின்னால் இருந்தது மலேசிய அரசு. மாமின்கோ என்னும் சிறு நிறுவனத்தின் பெயரில், வங்கிக் கடனைக் கொண்டு இவ்வணிகம் நடந்தது. உலகிலேயே மிகுதியாக ஈயம் எடுத்த நாடு, தன் பொருளின் விலையை அயலார் முடிவு செய்வதைப் பொறுக்காமல் இறங்கியது என்று சொல்வோர் உண்டு. அந்த ஆதங்கம் எனக்கும் புரிகிறது.

ஆனால், ஆட்டத்தின் விதி லண்டனின் கையில் இருந்தது. 1982 பிப்ரவரியில், சரக்கைக் கொடுக்க இயலாதவர்கள் தண்டம் கட்டித் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று சந்தை விதியையே மாற்றியது. ஏறிய விலையைக் கண்டு சுரங்கங்கள் கூடுதலாக ஈயம் எடுத்தன. அமெரிக்காவும் தன் கிடங்கு இருப்பை விற்றது. விலை சரிந்தது. மாமின்கோவிடம் மிஞ்சியவை ஈயக் குவியலும் கடனும். இழப்பு பல நூறு மில்லியன் வெள்ளி.

அந்தக் கடனை அடைக்க 1984-இல் மக்குவாசா என்று இன்னொரு நிறுவனம் தோன்றியது. புதிதாகப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகளில் ஊழியர் சேமநிதிக்கு ஒதுக்கப்பட்டவை அதற்குக் கைமாற்றப்பட்டன. சேமநிதி என்பது யாருடைய பணம்? ஆசிரியர், எழுத்தர், தோட்டத் தொழிலாளர் என மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டவர்களின் முதுமைக்கால உணவு அது. அப்பங்குகளால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயம் அவர்களுக்குரியது. லண்டனில் ஒப்பந்தம் போட்டபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. 1986-இல் பிரதமர் மகாதீர் இவற்றை ஒப்புக்கொண்ட பின்னரே நாடு அறிந்தது.

அதற்குள் இன்னொரு இடி விழுந்திருந்தது. விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈய மன்றமும் ஒப்பந்தங்களை மேன்மேலும் வாங்கி, பணம் தீர்ந்து கைவிரித்தது. 1985 அக்டோபர் 24-இல் லண்டனில் ஈய வணிகமே நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது 1989-இல்தான். விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. பேராக்கிலும் சிலாங்கூரிலும் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடப்பட்டன. செரி கெம்பாங்கானில் இன்று பேரங்காடிக்கு அருகே படகு விடும் ஏரி, அன்று ஈயம் தோண்டிய பள்ளம்.

செம்பனை எண்ணெய் முன்பேரம் 1980 முதல் கோலாலம்பூரிலேயே நடக்கிறது; இன்று அது புர்சா மலேசியாவின் பொறுப்பில் உள்ளது. உலகமே அவ்விலையைப் பார்த்துத்தான் பேசுகிறது. தோட்ட நிறுவனம் அங்கே தன் விலைக்குக் காப்புத் தேடிக்கொள்ளலாம். தோட்டத்தில் உழைத்தவருக்கு அப்படி ஒரு காப்பு இருந்ததில்லை. பால்மரக் காலத்திலிருந்தே வெட்டுக்கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. விலை இறங்கினால் கூலியும் இறங்கும். இடர் ஒன்றுதான், அதை வேறொருவரிடம் தள்ளிவிடும் வசதி மட்டும் ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. தீபகற்பத்தில் 900 வெள்ளி குறைந்தபட்ச ஊதியம் 2013-இல் தான் வந்தது.

கேள்வி கேட்ட பெற்றோருக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. ஒரு தாளில் கணக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். ஓர் ஒப்பந்தம் 25 டன். முழு விலையையும் கட்ட வேண்டியதில்லை. ஒரு சிறு பகுதியை ஈட்டுத்தொகையாகக் கட்டினால் போதும். ஆசையைத் தூண்டுவது அதுதான். டன்னுக்கு 100 வெள்ளி இறங்கினால் வாங்கியவருக்கு 2,500 வெள்ளி போகும். 2022 மார்ச்சில் 7,000 வெள்ளியைத் தாண்டிய விலை, அவ்வாண்டு ஜூலையில் 4,000-க்கும் கீழே வந்தது. ஒரே ஒப்பந்தத்தில் இழப்பு 75,000 வெள்ளி; கட்டிய ஈட்டுத்தொகையைப்போல் பல மடங்கு.

அவர் கணக்கை இருமுறை சரிபார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகனின் கணிதத் தேர்வுத்தாளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.