வினாவுக்கு முந்தி வரும் விடை

1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த ஜெரி யாங், டேவிட் ஃபிலோ என்ற இருவர், தங்களுக்கு உகந்த இணையதளங்களை விஷயவாரியாகப் பகுத்துத் தொகுத்து, பிற்பாடு அந்தத் தொகுப்புக்கு யாஹூ என்று நாமகரணம் செய்தபோது, அவர்கள் கைக்கொண்ட முறை நூலகத்தாருக்கு நெடுங்காலமாகப் பழக்கமானதே. 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், வாசகனுடைய காலம் வீணாகாமல் காப்பதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாக 1931-லேயே வகுத்து, நூல்களைப் பகுக்கும் கோலன் முறையையும் இரண்டே ஆண்டுகளில் வெளியிட்டிருந்தார். மனிதர் படித்துப் பார்த்து மனிதருக்காக வகைப்படுத்தும் அந்தப் பரம்பரையில் வந்த யாஹூவின் பட்டியல், இணையப் பக்கங்கள் கோடிக்கணக்கில் பெருகியதும் ஈடுகொடுக்க மாட்டாமல் திணறிப்போயிற்று.

யாஹூ பிறந்த ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையையே சேர்ந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் தங்கள் கூகுள் தேடுபொறியை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அப்போது அவர்கள் திரட்டியிருந்தவை சுமார் 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அவ்வாறு சுட்டுகின்ற பக்கங்கள் தாமும் எவ்வளவு சுட்டப்படுகின்றன என்று கணித்து, அந்த மதிப்பின்படி விடைகளை வரிசைப்படுத்துவது அவர்களுடைய உபாயம். விஞ்ஞானக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் தொடர்பை அட்டவணைப்படுத்தலாம் என்று 1955-இல் யூஜீன் கார்ஃபீல்டு சொன்ன யோசனையின் சாயல் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஆவணத்துக்கு ஆவணமே சாட்சி சொல்ல, அந்தச் சாட்சியத்தை எவரும் நாளைக்கும் திறந்து பரிசோதிக்கலாம் என்ற ஏற்பாடு, அறிவுத்துறையில் நிகழ்ந்த மகத்தான சாதனைகளுள் ஒன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த ஏற்பாட்டை அசைத்த காரியம் 2006-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நடந்தது. அதுவரையில் நண்பரின் பக்கத்துக்குத் தாமே சென்று பார்த்துக்கொண்டிருந்த ஃபேஸ்புக் உபயோகிப்பாளருக்கு, நண்பர்கள் எல்லோருடைய செய்திகளும் கேளாமலே ஒரே ஓடையாக வந்து சேரும்படி நியூஸ் ஃபீட் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. உபயோகிப்பாளர்கள் பெருங்கூட்டமாக ஆட்சேபித்தார்கள், ஆயினும் அது நிலைத்துவிட்டது. தேடுபொறி வினாவுக்காகக் காத்திருந்தது. ஃபீடோ வினா எழுமுன்பே விடையைக் கொண்டுவந்து வைத்தது. 2010 மார்ச்சில் ஒரு வாரம் அமெரிக்காவில் கூகுளைவிட ஃபேஸ்புக்கே அதிகம் பார்க்கப்பட்டதென்று ஹிட்வைஸ் நிறுவனம் கணித்தது. 2015-இல், தான் கவனித்துவந்த செய்தித்தளங்களுக்கு வாசகரை அனுப்புவதிலும் ஃபேஸ்புக் கூகுளை முந்திவிட்டதாக பார்ஸ்லி நிறுவனம் அறிவித்தது.

அந்த வருஷத்து டிசம்பரில் சென்னை மாநகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அடையாற்றில் நீர் கரைபுரண்டு சைதாப்பேட்டைக்குள்ளும் கோட்டூர்புரத்துக்குள்ளும் புகுந்த அந்நாட்களில், 1878 முதல் நடந்துவந்த ஹிந்து பத்திரிகைகூட, அச்சகத்துக்குத் தொழிலாளர் போய்ச் சேர இயலாமையால் ஒரு நாள் சென்னையில் வெளிவரவில்லை. எந்தத் தெருவில் கழுத்தளவு நீர் நிற்கிறது, எங்கே படகு கிடைக்கும், எந்த மண்டபத்தில் சோறு போடுகிறார்கள் என்று அறிய விரும்பியவனுக்கு எந்தத் தேடுபொறியும் விடை சொல்லியிருக்க முடியாது; ஏனெனில் அவ்விடைகள் எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை, அந்தந்தத் தெருவில் நின்ற மனிதர்களிடமே இருந்தன. ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் முன்பின் அறியாத இளைஞர்கள் அவற்றைச் சேகரித்து, சரிபார்த்து, இரவு பகலாக ஒருவருக்கொருவர் கைமாற்றிக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார்கள். அதே சமயத்தில், பழைய வதந்திகளும் அதே வேகத்தில் ஓடின. இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும்: நகரத்தின் சரித்திரத்துக்கு விலைமதிப்பற்ற அந்தக் குறிப்புகளைத் தேடி எடுக்க இன்று முயல்பவருக்கு, அவற்றுள் பெரும்பகுதி எளிதில் அகப்படுவதில்லை. வாட்ஸப் குழுக்களுக்குள் நடந்த சம்பாஷணையைத் தேடுபொறி எட்டவே முடியாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவரும், தகவல் தேடும் சாஸ்திரத்துக்குப் பாடநூல் எழுதியவர்களுள் ஒருவருமான பிரபாகர் ராகவன், கூகுளின் தேடல் பகுதிக்குத் தலைமை வகித்த காலத்தில், 2022 ஜூலையில், பகலுணவுக்கு இடம் தேடும் இளைஞருள் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் கூகுளை நாடாமல் டிக்டாக்கையோ இன்ஸ்டாகிராமையோ நாடுகிறார்கள் என்று ஒரு மகாநாட்டில் வெளிப்படையாகவே கூறினார். தேடுபொறியின் உபயோகம் முற்றிலும் குன்றிவிட்டது என்பது இதன் பொருளாகாது. வைத்தியம், சட்டம் முதலிய விஷயங்களில் அதை நாடுவோர் இன்னும் ஏராளம். ஆயினும், உண்டவனுடைய முகத்தைப் பார்த்து, அவன் குரலைக் கேட்டு நம்புகிற பழைய மனித சுபாவம் ஆவணத்தின் சாட்சியத்தைப் பின்தள்ளிவிட்ட துறைகள் பெருகியிருக்கின்றன. எல்லோரும் திறந்து வைத்திருந்த பக்கங்களைக் கணக்கிட்டு வளர்ந்த கூகுள், 2024 பிப்ரவரியில், சாமானிய மனிதர்கள் தங்களுக்குள் கேட்டும் சொல்லியும் எழுதிவைத்த உரையாடல்களை உபயோகிக்கும் பொருட்டு ரெடிட் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்காக வருஷந்தோறும் சுமார் 6 கோடி டாலர் கொடுக்க இசைந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.